மாறும் தரவா, மாறாத் தரவா? ஏலக்காய்க் கணக்கு நிரலை முன்வைத்து ஓர் ஒப்பீடு

கம்பத்தில் ஏலக்காய் வாங்கி விற்கும் ஒருவருக்காகச் சில ஆண்டுகளுக்கு முன் பைத்தான் மொழியில் ஒரு சிறிய கணக்கு நிரல் எழுதிக் கொடுத்தேன். மலைக்கு மேலே ஆனக்கரை, வண்டன்மேடு, கம்பம்மெட்டுப் பக்கங்களிலிருந்து விவசாயிகள் கொண்டுவரும் உலர்ந்த காயின் எடையை வந்த வரிசைப்படி ஒரு பட்டியலிலும், கொண்டுவந்தவரின் பெயரை அதே வரிசைப்படி இன்னொரு பட்டியலிலும் அது பதிந்துவைக்கும். அன்றைய வரவில் பெரிய மூன்று எடைகள் எவை என்பது மாலை அறிக்கையின் தலைப்பில் தெரிய வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். அறிக்கை தயாரிக்கும் செயற்கூற்றுக்குள் (நிரலில் ஒரு வேலையைச் செய்யும் தனிப் பகுதிக்குள்) எடைப் பட்டியலை ‘சார்ட்’ என்னும் கட்டளையால் பெரியது முதலாக வரிசைப்படுத்தி, முதல் மூன்றை எடுத்து அச்சிட வைத்தேன். ஒரே ஒரு வரிதான் சேர்த்தேன். அறிக்கையும் சரியாகவே வந்தது.

மறுநாள் காலை ரசீது வாங்கிய ஆனக்கரை விவசாயி ஒருவர், “தம்பி, இது என் காயோட எடை இல்ல, எனக்கு இவ்வளவு வராது” என்று தாளைத் திருப்பி நீட்டினார். அவருக்கு எழுதப்பட்டிருந்தது கூடுதலான எடை. அவர் நேர்மையாக வந்து சொன்னதால்தான் தவறு அன்றே தெரிந்தது. பார்த்தால், இருபத்து மூன்று பேருடைய எடைகளும் ஆள் மாறிக் கிடந்தன. பெயர்ப் பட்டியல் வந்த வரிசையிலேயே இருக்க, எடைப் பட்டியல் மட்டும் பெரியது முதல் சிறியது வரை அடுக்கப்பட்டுவிட்டது. அறிக்கைச் செயற்கூறு வரிசைப்படுத்தியது தனக்கென்று வைத்திருந்த பட்டியலை அன்று. கடை முழுவதும் நம்பியிருந்த ஒரே பட்டியலை.

நிரலெழுதப் புதிதாகக் கற்பவர்களிடம் ‘லிஸ்ட்டா, டியூப்பிளா?’ என்று கேட்டால், இரண்டும் மதிப்புகளை வரிசையாக வைக்கும் பட்டியல்கள், லிஸ்ட் மாறும், டியூப்பிள் மாறாது, முன்னதற்குச் சதுர அடைப்பு, பின்னதற்குப் பிறை அடைப்பு என்ற விடை தயங்காமல் வரும். தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் பாடமாக இருப்பதால் இந்த வேறுபாட்டைப் பலர் தேர்வுக்காகவே படித்திருக்கிறார்கள். தேர்வுக்கு அது போதும். ஒரு நிரலில் எந்த இடத்தில் எதை வைப்பது என்று முடிவெடுக்க அது போதாது. அந்த முடிவுக்கு உதவும் கேள்வி வேறு: இந்தத் தரவை என்னைத் தவிர நிரலின் வேறு எந்தப் பகுதி பிடித்துக்கொண்டிருக்கிறது, நான் இதைத் தொட்டால் அந்தப் பகுதிக்கு அது தெரியுமா? இங்கே செய்யும் ஒப்பீடு முழுவதும் அந்தக் கேள்வியை வைத்துத்தான்.

‘மாறி’ என்னும் சொல் தரும் குழப்பம்

தமிழில் படிப்பவர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. நிரலில் ஒரு மதிப்புக்கு வைக்கும் பெயரை நம் பாடநூல்கள் ‘மாறி’ என்கின்றன. கணிதத்திலிருந்து வந்த அந்தச் சொல் தவறானதன்று. ஆனால் அதைப் படித்த மாணவர், ‘மாறி என்றாலே மாறும்தானே, பிறகு மாறாத் தரவினம் என்று ஒன்று எப்படி இருக்கும்?’ என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. விடை இதுதான்: மாறுவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. பெயரை ஒரு பொருளிலிருந்து கழற்றி இன்னொரு பொருளின்மேல் ஒட்டலாம். அப்போது பழைய பொருளுக்கு ஒன்றும் ஆவதில்லை. அல்லது, பெயர் இருந்த இடத்திலேயே இருக்க, அது குறிக்கும் பொருளையே உள்ளே கை விட்டுத் திருத்தலாம். முதல் வழி எல்லாத் தரவினங்களுக்கும் திறந்திருக்கிறது. இரண்டாம் வழி லிஸ்ட், டிக்ஷனரி (திறவுச்சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு வைப்பது), செட் (கணம்) போன்ற மாறும் தரவினங்களுக்கு மட்டுமே உண்டு. எண், ஸ்ட்ரிங் (எழுத்துச் சரம்), டியூப்பிள் ஆகிய மாறாத் தரவினங்களுக்கு அது அடைக்கப்பட்டிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் இதை விளக்க அணையைக் காட்டுவது எளிது. தேனி மாவட்டத்தில் காலை நாளிதழைத் திறப்பவர்கள் பெரியாறு அணையின் நீர்மட்டத்தைப் பார்க்காமல் பக்கத்தைத் திருப்புவதில்லை. 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணை இன்றும் அதே அணைதான். ஆனால் அதன் நீர்மட்டம் நாள்தோறும் ஏறுகிறது, இறங்குகிறது. அதைப் பெரியாறு அணை என்றாலும் முல்லைப் பெரியாறு என்றாலும் ஒன்றே. ஒரு பெயரைச் சொல்லி மதகைத் திறந்துவிட்டு, மற்றப் பெயருக்குரிய அணையில் தண்ணீர் குறையாது என்று யாரும் நினைக்க மாட்டார்கள். மாறும் தரவினம் இப்படிப்பட்டது. நாளிதழில் அச்சான நேற்றைய அளவு அப்படிப்பட்டதன்று. நேற்றுக் காலை 128 அடி என்று குறித்திருந்தால், இன்று மழை பெய்து 130 அடி ஆனாலும் நேற்றைய 128 அப்படியே நிற்கும். இன்றைக்கு வேண்டியது இன்னொரு அளவு. பழைய அளவைத் திருத்துவதன்று. அணை, ஓர் அடையாளமும் மாறிக்கொண்டிருக்கும் நிலையும் உடைய பொருள். நீர்மட்ட அளவு, ஒரு மதிப்பு. ஒரு தரவை வகைப்படுத்தும் முன் அது அணையைப் போன்றதா, அளவைப் போன்றதா என்று கேட்டுப் பார்த்தால் பாதி முடிவு அங்கேயே கிடைத்துவிடும்.

பைத்தானின் மூன்றாம் பதிப்பு 2008-இல் வந்ததிலிருந்து மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்க முடிகிறது. ஆகவே கீழே உள்ள வரிகளைக் கணினியில் அப்படியே தட்டிப் பார்க்கலாம்.

எடைகள் = [52, 48, 50]
நகல் = எடைகள்
நகல்[0] = 40
எடைகள்

கடைசி வரிக்கு விடையாகத் திரையில் வருவது [40, 48, 50]. (பைத்தான் இடங்களைச் சுழியத்திலிருந்து எண்ணுவதால் [0] என்பது முதல் இடம்.) இரண்டாம் வரியில் ‘நகல்’ என்று பெயர் வைத்தோமே தவிர நகல் எதுவும் எடுக்கவில்லை. ஒரே பட்டியலுக்கு இரண்டாவது பெயர் சூட்டினோம். சமக்குறி பெயர் ஒட்டும் குறியே தவிரப் படியெடுக்கும் குறி அன்று என்பது மனத்தில் பதியும்வரை இந்த நான்கு வரிகளையும் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்க்கும்படி நான் மாணவர்களிடம் சொல்வேன். முதல் வரியில் சதுர அடைப்பை எடுத்துவிட்டுப் பிறை அடைப்பைப் போட்டால் மூன்றாம் வரியிலேயே பைத்தான் ‘டைப் எரர்’ என்னும் பிழையைக் காட்டி நின்றுவிடும். நிரல் நிற்பது தொல்லையாகத் தோன்றலாம். ஆனால் அன்று கடையில் என் நிரல் இப்படி நின்றிருந்தால் தவறான ரசீது ஒன்றுகூட வெளியே போயிருக்காது.

இதில் இன்னும் ஒரு நுட்பம் உண்டு. நல்ல பழக்கமுள்ளவர்களும் தடுமாறும் இடம் அது. மேலுள்ள பட்டியலுக்கு மூன்றாம் வரியாக ‘நகல் += [47]’ என்று எழுதினால் அதே பட்டியலின் முனையில் 47 சேர்ந்து, இரண்டு பெயர்களிலும் தெரியும். ‘நகல் = நகல் + [47]’ என்று எழுதினாலோ புதிய பட்டியல் ஒன்று பிறந்து, ‘நகல்’ என்னும் பெயர் அதற்கு மாறிவிடும்; ‘எடைகள்’ பழையபடியே இருக்கும். பள்ளியில் இந்த இரண்டும் ஒன்றே, முன்னது சுருக்க எழுத்து என்று கற்றுக்கொடுக்கிறார்கள். எண்ணுக்கும் டியூப்பிளுக்கும் அது உண்மை. அவை மாறாதவையாதலால் இரண்டு முறையிலும் புதிய பொருளே பிறக்கும். லிஸ்ட்டுக்கு அது உண்மையன்று.

ஸ்ட்ரிங் மாறாத் தரவினம் என்பது பெரும்பாலோருக்குத் தாமதமாகத்தான் உறைக்கிறது. ஊர்ப் பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனால் அந்த ஓர் எழுத்தை மட்டும் இடத்திலேயே திருத்த முடியாது. ‘ரிப்ளேஸ்’ கட்டளை திருத்திய புதிய ஸ்ட்ரிங்கைத் தருகிறது, அதை ஒரு பெயரில் பிடித்துக்கொள்ளாவிட்டால் திருத்தம் காற்றோடு போய்விடும். தமிழில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். ‘கம்பம்’ நமக்கு நான்கு எழுத்து, பைத்தானுக்கு ஆறு; மெய்யெழுத்தின் புள்ளியை அது தனிக்குறியாக எண்ணுகிறது.

ஒரு லாட்டின் பதிவை எதில் வைப்பது?

இனி முடிவெடுக்க வேண்டிய இடத்துக்கு வருவோம். குமுளியிலிருந்து வகுப்புக்கு இறங்கி வரும் மாணவி ஒருவர், மாமாவின் ஏலக்காய் வியாபாரத்துக்காக இதே போன்ற ஒரு நிரலை எழுதத் தொடங்கியிருக்கிறார். நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின் ஏலம் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் எங்கள் பக்கத்துப் போடிநாயக்கனூரிலும் மாறி மாறி நடக்கிறது. ஏலத்தில் ஒன்றாகச் சேர்த்து விற்கும் சரக்குக்கு லாட் என்று பெயர். ஏலத்துக்குப் போகும் ஒவ்வொரு லாட்டுக்கும் தேதி, மையம், லாட் எண், மூட்டைகளின் எண்ணிக்கை, எடை, விற்ற விலை ஆகியவற்றை வைத்துக்கொள்ள வேண்டும். “அண்ணே, எல்லாத்தையும் லிஸ்ட்டுலயே வெச்சுட்டா என்ன? எப்ப வேணும்னாலும் மாத்திக்கலாமே” என்றார் அவர். எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்பதை அவர் லிஸ்ட்டின் நன்மையாகச் சொன்னார். என் அனுபவத்தில் பதிவு என்ற அளவில் அதுவே அதன் குறை.

ஒரு லாட்டின் ஆறு விவரங்களையும் லிஸ்ட்டாக வைத்தால், நிரலின் எந்த மூலையிலிருந்தும் யாரும் அதன் நடுவே ஒன்றைச் சேர்க்கலாம், நீக்கலாம், வரிசை மாற்றலாம். எடை ஐந்தாம் இடத்தில் இருக்கிறது என்ற ஒப்பந்தம் எழுதியவரின் மனத்தில் மட்டும் இருக்கும். அதைக் காக்க மொழி எதுவும் செய்யாது. ஒரே வகைப் பொருள்கள் எத்தனை வருமென்று தெரியாமல் வந்துகொண்டே இருப்பதற்கு லிஸ்ட் ஏற்றது. ஒரு லாட்டின் விவரங்களோ எண்ணிக்கையில் நிலையானவை, ஒவ்வொன்றும் வெவ்வேறு வகை.

டிக்ஷனரியில் வைத்தால் விவரங்களுக்குப் பெயர் கிடைக்கிறது. படிப்பதற்கு இதுவே மிக இதமானது, இணையத்திலிருந்து வரும் தரவும் பெரும்பாலும் இந்த வடிவில்தான் வருகிறது. ஆனால் ‘எடை’ என்ற திறவுச்சொல்லை ஓரிடத்தில் ‘ஏடை’ என்று தவறாகத் தட்டி மதிப்பளித்தால் டிக்ஷனரி மறுப்புச் சொல்லாமல் புதிய உள்ளீடு ஒன்றைத் திறந்துகொள்ளும். பழைய எடை பழையபடியே இருக்க, திருத்திவிட்டோம் என்ற நம்பிக்கையில் நாம் அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். தட்டச்சுப் பிழையைத் தரவாக ஏற்றுக்கொள்ளும் ஓர் இடத்தில் பணக் கணக்கை வைக்க எனக்குத் துணிவில்லை.

டியூப்பிளில் வைத்தால் எழுதியது எழுதியபடி நிற்கும். அதைவிட முக்கியமான இன்னொரு பயனும் உண்டு. லாட் எண் மட்டும் ஒரு சரக்கை அடையாளம் காட்டப் போதாது. ஏலத் தேதியும் மையமும் சேர்ந்தால்தான் அது இன்ன லாட் என்று சொல்ல முடியும். மூன்றையும் ஒரு டியூப்பிளாகக் கட்டி டிக்ஷனரியின் திறவுச்சொல்லாக வைக்கலாம். லிஸ்ட்டாகக் கட்டினால் பைத்தான் ஏற்காது. இந்த மறுப்புக்குக் காரணம் உண்டு. திறவுச்சொல்லின் உள்ளடக்கத்திலிருந்து ஒரு குறியெண்ணைக் கணக்கிட்டு, அந்த எண்ணுக்குரிய இடத்தில் டிக்ஷனரி மதிப்பைச் சேமிக்கிறது. கிடங்கில் மூட்டையின் மேல் எழுதிய அடையாளத்தைப் பார்த்து அதற்குரிய அடுக்கில் வைப்பதைப் போன்றது இது. அடுக்கிய பிறகு யாரோ அடையாளத்தை அழித்து வேறொன்று எழுதிவிட்டால், மூட்டை கிடங்கில் இருந்தும் தேடுபவருக்குக் கிடைக்காது. அந்த நிலை வராதிருக்கத்தான் லிஸ்ட் போன்ற மாறும் தரவினங்களைத் திறவுச்சொல்லாக்க மொழி இடங்கொடுப்பதில்லை.

டியூப்பிளின் குறை, விவரங்களுக்குப் பெயர் இல்லாமை. மூட்டை நான்காம் இடமா, எடை நான்காம் இடமா என்று இரண்டு மாதம் கழித்து நினைவிருக்காது. இரண்டுமே எண்களாதலால் தவறு உடனே தெரியவும் தெரியாது. இதற்கென்றே பைத்தானில் ‘நேம்ட்டியூப்பிள்’ 2008-இல் வந்த 2.6 பதிப்பிலிருந்து இருக்கிறது. இதில் புள்ளி வைத்து ‘பதிவு.எடை’ என்று கேட்டுப் பெறலாம். பெயரைத் தவறாக எழுதினால் நிரல் நின்றுவிடும். டியூப்பிளின் மாறாத்தன்மை முழுவதும் இதற்கும் உண்டு. 2018-இல் வந்த 3.7 பதிப்பு ‘டேட்டாகிளாஸ்’ என்ற இன்னொரு வழியைத் தந்தது. அதில் ‘ஃபுரோசன்’ என்று குறித்துவிட்டால் உருவான பிறகு புலங்களுக்கு (பதிவின் பெயரிட்ட விவரங்களுக்கு) மறுமதிப்பு அளிக்க விடாது. பதிவோடு சேர்த்துக் கணக்கிடும் செயற்கூறுகளும் வேண்டுமென்றால் டேட்டாகிளாஸ் வசதியானது. கற்கத் தொடங்குபவர் முதலில் வெறும் டியூப்பிளில் சில வாரங்கள் எழுதி, இட எண்களை நினைவு வைக்கும் துன்பத்தை அனுபவித்துவிட்டு நேம்ட்டியூப்பிளுக்கு வருவதே நல்லது என்பது என் கருத்து. அந்தத் துன்பம் தெரியாமல் கற்றால் பெயர் எதற்கு என்பது விளங்காது.

ஆகவே மாணவியின் நிரலில் ஒவ்வொரு லாட்டும் ஒரு நேம்ட்டியூப்பிள்; லாட்டுகள் வந்துசேரும் தொகுதி ஒரு லிஸ்ட். அணையும் அளவும் போல, வளர்வது தொகுதி, நிலைப்பது பதிவு. லாட் எண்ணும் எடையும் ஒரே பதிவுக்குள் கட்டுண்டிருப்பதால், தொகுதியை எப்படி வரிசைப்படுத்தினாலும் ஒரு லாட்டின் எடை இன்னொரு லாட்டுக்குப் போக வழியில்லை. என் பழைய நிரலில் இரண்டு லிஸ்ட்டுகளை இணையாக ஓடவிட்டதே முதல் தவறு என்பதை நான் பிறகுதான் உணர்ந்தேன்.

மாறும் தரவினமே சரியான இடம்

கம்பம், கூடலூர் பகுதிகளிலிருந்து விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறி, குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் மலைமேல் ஏலத்தோட்டங்களுக்குக் காயெடுக்கப் போகிறவர்களின் வருகைக் கணக்கு வேறு மாதிரி. திங்கள் முதல் சனி வரை ஆறு கட்டங்கள். ஒவ்வொரு நாளும் ஒரு கட்டம் நிரம்புகிறது. இங்கே ‘இந்த வாரத்து வருகை’ என்ற ஒரே பொருள் வாரம் முழுவதும் வளர்ந்துகொண்டிருக்கிறது. இதை டியூப்பிளாக வைத்து ஒவ்வொரு நாளும் புதிதாகக் கட்டுவது வீண் உழைப்பு. படிப்பவருக்கும் நோக்கம் விளங்காது. லிஸ்ட்டுக்குள் லிஸ்ட்டாக வைப்பதுதான் இயல்பு. ஆனால் மாறும் தரவினத்தைத் தேர்ந்தால் அதைப் பிறக்க வைக்கும் முறையிலும் கவனம் வேண்டும். நான்கு பேருக்கு ஆறு நாள் என்று ஒரு மாணவர் இப்படி எழுதினார்:

வருகை = [[0] * 6] * 4
வருகை[0][0] = 1

முதல் ஆளுக்குத் திங்கட்கிழமை மட்டும் குறித்ததாக அவர் நினைத்தார். திரையிலோ நான்கு பேருக்கும் திங்கட்கிழமை வருகை விழுந்திருந்தது. நான்கால் பெருக்கியபோது உள்ளே இருந்த ஒரே லிஸ்ட் நான்கு இடங்களிலிருந்தும் சுட்டப்பட்டது. நான்கு லிஸ்ட்டுகள் உருவாகவில்லை. கூலி கொடுக்கும் நாளில் இப்படி ஒரு கணக்கோடு நின்றால் வேலைக்கு வந்தவருக்கும் வராதவருக்கும் ஒரே கூலிதான்.

இந்த இரண்டு வரிகளை நான் விரும்பிக் கற்பிப்பதற்குக் காரணம், இந்தக் கட்டுரையின் கேள்விக்கு விடை இதற்குள்ளேயே இருப்பதுதான். உள்ளே இருக்கும் சுழியத்தை ஆறால் பெருக்கும்போதும் நடப்பது அதே செயல்தான். ஒரே சுழியம் ஆறு இடங்களிலிருந்து சுட்டப்படுகிறது. அது ஏன் தீங்கு செய்வதில்லை? எண் மாறாத் தரவினம் என்பதால். முதல் கட்டத்தில் 1 என்று எழுதும்போது சுழியம் ஒன்றாக மாறவில்லை. அந்தக் கட்டம் வேறோர் எண்ணைச் சுட்டத் தொடங்கியது, அவ்வளவே. பகிர்ந்துகொள்வது தானாகக் கெடுதலில்லை, மாற்றுவதும் தானாகக் கெடுதலில்லை. இரண்டும் ஒரே பொருளில் சேரும்போதுதான் கணக்கு கெடுகிறது. ஒவ்வோர் ஆளுக்கும் தனித்தனி லிஸ்ட் பிறக்கும்படி ‘ஃபார்’ சுற்றுக்குள் உருவாக்கிவிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும்.

இதே சேர்க்கை வேறொரு வேடத்திலும் வரும். செயற்கூறு ஒன்றை வரையறுக்கும்போது, அளவுரு (செயற்கூற்றுக்கு அனுப்பும் மதிப்பு) கொடுக்கப்படாவிட்டால் வெற்று லிஸ்ட் ஒன்றை எடுத்துக்கொள் என்று எழுதும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. அந்த வெற்று லிஸ்ட் ஒவ்வோர் அழைப்புக்கும் புதிதாகப் பிறக்கும் என்றே படிப்பவர் எண்ணுவார். பைத்தான் அதை வரையறுக்கும் நேரத்தில் ஒரே ஒரு முறை உருவாக்கி வைத்துக்கொள்கிறது. முதல் அழைப்பில் சேர்த்த பெயர்கள் இரண்டாவது அழைப்பிலும் உட்கார்ந்திருக்கும். ஒரு தோட்டத்து ஆட்கள் அடுத்த தோட்டத்துக் கணக்கில் தோன்றுவது இப்படித்தான். எண்ணையோ ஸ்ட்ரிங்கையோ அந்த இடத்தில் வைத்தால் ஆபத்தில்லை. லிஸ்ட் தேவையென்றால் ‘ஒன்றுமில்லை’ என்று பொருள்படும் ‘நன்’ என்னும் மதிப்பை அங்கே வைத்து, செயற்கூற்றின் உள்ளே புதிய லிஸ்ட்டை உருவாக்க வேண்டும். டேட்டாகிளாஸை வடிவமைத்தவர்கள் இதை முன்கூட்டியே எண்ணி, இயல்பு மதிப்பாக லிஸ்ட்டை நேரடியாக எழுதினால் பிழை காட்டி மறுக்கும்படி செய்திருக்கிறார்கள்.

மாறாத்தன்மைக்கும் ஓர் எல்லை

டியூப்பிளைத் தேர்ந்துவிட்டோம், இனி அச்சமில்லை என்று இருக்கவும் முடியாது. டியூப்பிள் உறுதியளிப்பது தன் கட்டங்கள் எந்தப் பொருள்களைச் சுட்டுகின்றன என்பதை மட்டுமே; அந்தப் பொருள்கள் உள்ளுக்குள் மாறுவதை அது தடுக்காது. லாட் எண்ணையும் மூட்டைவாரி எடைகளையும் சேர்த்து ‘பதிவு = (117, [52, 48])’ என்று வைத்தோமானால், இரண்டாம் கட்டத்தில் உள்ள லிஸ்ட் எப்போதும்போல் மாறக்கூடியதே. ‘பதிவு[1] += [50]’ என்று எழுதினால் வியப்பான ஒன்று நடக்கும்: பைத்தான் டைப் எரர் காட்டும், ஆனாலும் பதிவைப் பார்த்தால் உள்ளே 50 சேர்ந்திருக்கும். முதலில் லிஸ்ட்டில் எண் சேர்ந்துவிடுகிறது. பிறகு அதை டியூப்பிளின் கட்டத்தில் மீண்டும் ஒட்டும் படியில்தான் மறுப்பு எழுகிறது. இப்படிப்பட்ட டியூப்பிள் டிக்ஷனரியின் திறவுச்சொல்லாகவும் ஆகாது. மாறாப் பதிவு வேண்டுமென்றால் உள்ளே இருப்பவையும் மாறாதவையாக இருக்க வேண்டும். மூட்டைவாரி எடைகளையும் டியூப்பிளாகவே வைக்க வேண்டும்.

நகலெடுத்துப் பயன்படுத்துவது மூன்றாவது வழி. லிஸ்ட்டை லிஸ்ட்டாகவே வைத்துக்கொண்டு, தொட வேண்டிய இடத்தில் மட்டும் நகலைத் தொடலாம். என் அறிக்கைச் செயற்கூற்றில் ‘சார்ட்’ என்பதற்குப் பதில் ‘சார்ட்டட்’ என்று எழுதியிருந்தால் மூலத்தைத் தொடாமல் வரிசைப்படுத்திய புதிய பட்டியலைத் தந்திருக்கும். பெயர்கள் ஒன்றுபோல் இருந்தாலும் நடப்பு வேறு. இடத்திலேயே மாற்றும் கட்டளைகள் பெரும்பாலும் எதையும் திருப்பித் தருவதில்லை என்பதை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் சாதாரண ‘காப்பி’ வெளிக்கூட்டை மட்டுமே நகலெடுக்கும். வருகைக் கணக்கைப் போல லிஸ்ட்டுக்குள் லிஸ்ட் இருந்தால் உள்ளே உள்ளவை பொதுவாகவே இருக்கும். அதற்கு ‘டீப்காப்பி’ வேண்டும். இந்த வழி ஒவ்வொரு முறையும் எழுதுபவர் நினைவில் வைத்துச் செய்ய வேண்டியது. நினைவை நம்பி நிற்கும் பாதுகாப்பை நான் இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன்.

செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். டியூப்பிளில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் ஒவ்வொரு முறையும் பழையது முழுவதும் படியெடுக்கப்படுகிறது. ஆயிரம் முறை சேர்த்தால் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் படியெடுப்புகள். லிஸ்ட் தன் முனையில் கொஞ்சம் இடத்தை முன்னதாகவே ஒதுக்கி வைத்துக்கொள்வதால் சேர்ப்பது அதற்கு எளிது. நீண்ட ரசீதின் வரிகளையும் ஒரு லிஸ்ட்டில் சேர்த்துவைத்துக் கடைசியில் ‘ஜாயின்’ கட்டளையால் ஒன்றாக்குவதே முறை. ஒரு கடையின் நாள் கணக்குக்கு இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியாது. வேகத்துக்காக லிஸ்ட்டைத் தேர்ந்தேன் என்று தொடக்க நிலை மாணவர் சொன்னால் அதை நான் ஏற்பதில்லை.

கல்லூரியில் வேறு மொழிக்குப் போகும்போதும் இந்த எண்ணம் கூடவே வரும். ஜாவாவில் ஸ்ட்ரிங் மாறாதது. ஆகவேதான் சேர்த்துக் கட்டும் வேலைக்கு ‘ஸ்ட்ரிங்பில்டர்’ தனியே இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் ‘கான்ஸ்ட்’ என்று அறிவித்தால் பெயரை வேறிடத்தில் ஒட்ட முடியாதே தவிர, அது சுட்டும் பட்டியலின் உள்ளே எதையும் மாற்றலாம். மேலே சொன்ன இரண்டு வழிகளில் அது முதல் வழியை மட்டுமே அடைக்கிறது. எர்லாங் இன்னும் கண்டிப்பான மொழி. அங்கே ஒரு பெயரை ஒரு மதிப்போடு கட்டிவிட்டால் அதே இடத்தில் இன்னொன்றோடு கட்ட முடியாது.

மாணவியின் நிரலில் கடைசியாக நின்ற கேள்வி திருத்தத்தைப் பற்றியது. தராசில் தவறு நேர்ந்து 52 கிலோ என்று எழுதிய மூட்டை உண்மையில் 50 கிலோ என்று பிறகு தெரிந்தால், மாறாப் பதிவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நேம்ட்டியூப்பிள் ஒரு புலத்தை மட்டும் மாற்றிய புதிய பதிவைத் தரும் வசதியை வைத்திருக்கிறது. பழையதன் இடத்தில் புதியதைப் போட்டுவிடலாம் என்றேன். அவருடைய மாமா அதற்கு உடன்படவில்லை. பேரேட்டில் தவறான வரியைச் சுரண்டி எழுதும் வழக்கம் அவர்கள் கடையில் கிடையாது. எதிர்ப்பதிவு போட்டுவிட்டுச் சரியான வரியைக் கீழே எழுதுவார்கள். “பழசும் கண்ணுக்குத் தெரியணும் தம்பி, நாளைக்குக் கேட்டா காட்டணும்ல” என்றார். கேட்டவுடன் அது சரியென்று பட்டது. இப்போது தேதி, மையம், லாட் எண் மூன்றும் சேர்ந்த டியூப்பிளைத் திறவுச்சொல்லாக வைத்து, ஒவ்வொரு திறவுச்சொல்லுக்கும் ஒரு லிஸ்ட் வைத்திருக்கிறோம். திருத்தம் வரும்போது அந்த லிஸ்ட்டின் முனையில் புதிய பதிவு சேர்கிறது, கடைசிப் பதிவே நடப்புக் கணக்கு, முந்தியவை அப்படியே இருக்கின்றன.

வருகைக் கணக்கு வாரம் முழுவதும் லிஸ்ட்டாகவே ஓடுகிறது. சனிக்கிழமை மாலை கூலி கொடுத்து முடிந்ததும், உள்ளே உள்ள ஒவ்வொரு வரிசையையும் முதலில் டியூப்பிளாக்கி, பிறகு முழுவதையும் டியூப்பிளாக்கி அந்த வாரத்தை நிரல் மூடிவிடுகிறது. திங்கட்கிழமை காலை ஜீப் கிளம்பும் முன் ‘ஃபார்’ சுற்று புதிய வரிசைகளை உருவாக்கித் தருகிறது.